கூரையில் நின்ற மாஸ்டர்

கிண்ணியாவில் தன் வீட்டுக் கூரைமேல் நின்று, டெலிவிசன் ஏரியலைத் திருப்பிக்கொண்டிருந்தார் விஞ்ஞான ஆசிரியர் றஊப். கீழே டெலிவிசனுக்கு முன்னால் அயல் முழுக்கக் கூடியிருந்தது.

"குல்சும், படம் தெரியுதா?"

"நீங்க பிடிச்சாத் தெரியுது. கையை எடுத்தாப் புள்ளிபுள்ளியாப் போகுது," என்றாள் மனைவி யன்னலால்.

"இறங்கி வந்து ஒருக்காப் பார்த்திட்டு ஏறட்டா?"

"ஏலாது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்காங்க."

"டெலிவிசனில பேசுற ஆள் இப்ப என்ன சொல்றார்?"

"மின்காந்த அலையைப் பற்றித்தான். அலை வாற பக்கம் ஏரியலைச் சரியாத் திருப்பி வைச்சாப் போதுமாம். ஆள் பிடிச்சுக்கொண்டு நிற்கத் தேவையில்லையாம்."

"அவர்ர கதையை நம்பாத," என்றார் றஊப், கம்பியை இறுகப் பிடித்தபடி. "போன மாசம் கொழும்புக்குப் போய் டெலிவிசனுக்கு அதைப் பேசக்குள்ள, நான் ஒருநாளும் கூரையில ஏறினதில்ல."