சுவை பார்த்தவர்

ஒரு வாய் தக்காளி சாதத்தை அவன் மென்றுகொண்டிருந்தான்.

சமையல்கார லூர்து அக்கா கரண்டியோடு அவன் முகத்தையே பார்த்து நின்றாள். வராந்தாவில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

தலைமையாசிரியர் வாயில் வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும். சத்துணவு விதி.

இந்தப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். மங்கை தலைமையாசிரியை. அவன் அவளுடைய கணவன், உதவி ஆசிரியர்.

நாற்பத்தோரு நாளுக்கு முன்பு வரை.

விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருக்கிறான். அவளுடைய இடத்தில், பொறுப்புத் தலைமையாசிரியராக.

வாயில் ருசி எதுவும் தெரியவில்லை. அவள் இறந்துபோனதிலிருந்தே தெரிவதில்லை. சோறும் மாத்திரையும் ஒன்றுதான்.

"எப்படி சார் இருக்கு?"

தலையாட்டினான். நோட்டில் 'நன்று' என்று எழுதினான். 'சுவை பார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு எப்போதும்போல் அறைக்குள் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

மங்கை நாற்காலியில் உட்கார மாட்டாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பிள்ளைகள் வரிசையின் கடைசியில் தரையில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவாள்.

"ஹெச்.எம். தரையில உக்காந்தா எவன் மதிப்பான்?" என்று ஒருமுறை கேட்டான்.

"மதிப்பை வெச்சு ரசமா வைக்கப் போறேன்? தள்ளு, பசிக்குது."

வெளியே சத்தமே இல்லை.

லூர்து அக்கா வாளியோடு இரண்டாம் சுற்று வந்தாள். யாரும் தட்டை நீட்டவில்லை. தக்காளி சாதம் என்றால் அடித்துக்கொள்கிற பிள்ளைகள்.

அவள் துளி எடுத்து வாயில் போட்டாள்.

"அய்யய்யோ. உப்பே போடலியே சார்!"

அவன் ஓடிவந்தான். பாதிக்கு மேல் தின்றிருந்தார்கள்.

"ஏன் யாருமே சொல்லல?"

ஒருவரும் நிமிரவில்லை. ஐந்தாம் வகுப்பு ஷகிலா மட்டும் வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"நீங்க நல்லாருக்குன்னு தலையாட்டிட்டீங்க சார். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

அவன் அறைக்குத் திரும்பினான். நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினான். மங்கையின் சாய்ந்த கையெழுத்து.

'உப்பு குறைவு. பரிமாறும் முன் சேர்த்தோம்.'

'காரம். ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் தயிர்.'

'முட்டை ஒன்று குறைவு. எனக்கு வேண்டாம்.'

எந்தப் பக்கத்திலும் 'நன்று' இல்லை.

தான் எழுதியதை அடித்தான். 'உப்பு இல்லை. எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினான்.

லூர்து அக்கா உப்பைக் கரைத்துக் கலந்து எடுத்துவந்தாள். முதல் கரண்டியை அவனிடம் நீட்டினாள்.

அவன் ஷகிலாவின் தட்டைக் காட்டினான்.

"நீ பார்த்துச் சொல்லும்மா. எனக்கு நாக்கு செத்துப்போச்சு."

அவள் நிதானமாக மென்றாள்.

"இப்ப சரியா இருக்கு சார்."

அவன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனான். அங்கே மங்கை உட்காரும் இடத்தைப் பிள்ளைகள் இன்னும் காலியாகவே விட்டிருந்தார்கள்.

அதைத் தாண்டிப்போய் உட்கார்ந்தான்.