ஏறாத வில்லை

சட்டைப் பொத்தான் அளவுதான் அந்தப் பீங்கான் வில்லை; ஆய்வகத்தில் பெல்லட் என்போம். பேரியம் டைட்டனேட் பொடியில் துளி இரும்பு ஆக்சைடுத் தூள் கலந்து, அழுத்தி, உலையில் சுட்டு எடுத்தது. இரும்பு சேர்ந்தால் மின்னூட்டம் தேக்கும் திறன் ஏறும் என்று, ஆய்வுக்கு நிதி கேட்டபோதே பேராசிரியர் மாசிலாமணி எழுதிக் கொடுத்துவிட்டார். இரும்பிடம் யாரும் கேட்கவில்லை. நான் செய்த எல்லா வில்லைகளிலும் திறன் இறங்கியது.

“ஏத்தி எழுதும்மா ரெஜினா. உன் தீசிஸ்ல நான்தானே கையெழுத்துப் போடணும்?”

“நான் எழுதினா ஏறிடும் சார். பெல்லட் ஏறாதே.”

கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள் நான். இந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

அவரே வில்லையை அளவுக்கருவியில் வைத்தார். எண் இறங்கியது. கருவியின் தலையில் தட்டினார். வில்லையை எடுத்து, குழந்தையின் காயத்துக்கு ஊதுவதுபோல ஊதி, மறுபடி வைத்தார். மறுபடி இறங்கியது. எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “இது கெட்டுப்போன பெல்லட். இதை நீ செய்யவே இல்ல.”

பாவப்பட்டதை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டேன்.

“குடுங்க சார்.”

அவர் கதவைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். விரலிடுக்கில் இரும்பு ஆக்சைடின் செம்மை. கையை நான் மடக்கவில்லை.