விதி பதினாலும் ஓர் உடைந்த குடையும்

“துணியா, இரும்பா, பிளாஸ்டிக்கா? மூணுல ஒண்ணு சொல்லுங்க!”

உடைந்த குடையைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள் மனைவி. முதுகில் வெந்நீர்ப் பையோடு சோபாவில் குப்புறக் கிடந்தவர், ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டதென்று காலையிலேயே ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தார். வாயுமா பிடித்துக்கொண்டது?

வாசலில் குப்பை வண்டி உறுமிக்கொண்டிருந்தது. துணிக்கு நீலத் தொட்டி, இரும்புக்குச் சாம்பல், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள். மாற்றிப் போட்டால் சிவப்புச் சீட்டு.

இந்த வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு வந்தாயிற்று. ஒன்று பல்புக்கு, ஒன்று அறுந்த செருப்புக்கு. மூன்றாவதும் வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு வண்டி இந்த வாசலில் நிற்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு மாதக் குப்பை என்றால் என்னவென்று மூக்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“அம்மா, இன்னும் பாதித் தெரு பாக்கி இருக்கு!” சீட்டுக் கட்டும் கையுமாக வாசற்படியில் நின்றாள் வண்டிக்கார அம்மா.

“விதி பதினாலு, உட்பிரிவு மூணு,” என்று முனகினார் கணவர். “பல பொருள்களால் ஆன கழிவை, அதில் மேலோங்கி நிற்கும் பொருளின் தன்மைக்கேற்ப, உரிய தொட்டியில் இடுக.”

ஓர் எழுத்து பிசகவில்லை. இரண்டு சிவப்புச் சீட்டு வாங்கிய வீட்டில் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?

“சரி, இதுல எது மேலோங்கி நிக்குது?”

“அது வந்து... விரிச்சா துணி. மடக்கினா கம்பி.”

“குப்பையில போடற குடையை யாராவது விரிச்சுப் போடுவாங்களா?”

“அதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே.”

“இதை எழுதின மகானுபாவரைச் சொல்லணும்!” தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

“அந்த ஆளை ஒரு நாள் என் வண்டியில ஏத்தி விடுங்கம்மா. அப்புறம் தெரியும் சேதி,” என்றாள் வண்டிக்கார அம்மா. பேனா மூடியைக் கழற்றினாள். “அஞ்சு நிமிஷம் தரேன். எந்தத் தொட்டின்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா எழுதிடுவேன்.”

மனைவி கழிவுத் துறையின் உதவி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ஏய், வேணாம்! அவங்களுக்கு என்ன தெரியும்?” அவசரமாக எழப் பார்த்த கணவர், “ஐயோ!” என்று பழையபடி குப்புற விழுந்தார். வெந்நீர்ப் பை உருண்டு கீழே போனது.

மறுமுனையில் ஒரு பெண் குரல். குடை என்றதும் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு பெருமூச்சு.

“மேடம், உள்ளதைச் சொல்றேன். இந்த விதி எனக்குப் புரியலை. எங்க மேனேஜருக்கும் புரியலையாம். எழுதின ஆபீசரைத்தான் கேக்கணும். அவரு இன்னிக்கு லீவு.”

“அப்போ என் கதி?”

“கவலைப்படாதீங்க. அவர் செல்லுக்கே லைன் தரேன். கட் பண்ணிடாதீங்க.”

மனைவியின் போனில் மணி போகும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, சோபாவில் தலையணைக்கு அடியில் ஒரு மணி அடித்தது.

வண்டிக்கார அம்மாவின் பேனா பாதியில் நின்றது. கணவர் இரண்டு கையாலும் தலையணையை அமுக்கிப் பார்த்தார். மணி நிற்கிற வழியாக இல்லை.

மனைவி குடையின் முனையைக் கொடுத்துத் தலையணையை நெம்பினாள்.

“எடுங்க. லைன்ல நான்தான்.”