கொய்யாமரத்தடி எலும்பு

"எலும்பு! அய்யே, எலும்புடி அது! கையால தொடறியே..."

"கத்தாதேள். என்னன்னு பாக்க வேண்டாமா..."

"பாக்க என்ன இருக்கு? ஏதாவது நாய் கொண்டு போட்டிருக்கும். எறிஞ்சுட்டுக் குளி! கொய்யாமரத்தடி வேண்டாம், மேற்கே தோண்டுன்னு தலைபாடா அடிச்சுண்டேன். யார் கேட்டா?"

நாகேஸ்வரன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த பிச்சைக்கனி, இடுப்பளவு பள்ளத்தில் நின்றபடி நிமிர்ந்தான்.

"மேற்கே முழுக்கப் பாறையாக்கும் சாமி."

அவர் மனைவி வாலாம்பாளுக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. கரமனை அக்ரஹாரத்துக் கொல்லையில் எலும்பு! ஆனால் எலும்பின் அடிப்பக்கம் இத்தனை தட்டையாக இருப்பானேன்? இரண்டு விரலால் பிடித்துக் குழாயடியில் காட்டினாள்.

மண் கரைந்தது. மேல்புறம் வழவழவென்று இருந்தது. அதில் குறுக்கே நாலு தடம், கம்பி அறுத்த மாதிரி.

"மாட்டுப் பல்லா மாமி?"

"பல்லில்லேடா. மான் கொம்பு." அவள் குரல் இறங்கிவிட்டது. "தம்பூராவோட குதிரை. நாலு தந்தியும் இது மேலதான் ஓடும்."

மூன்றாவது தடத்தருகே சின்னதாக ஒரு மூளி. கல்யாணத்துக்கு அம்மா அந்தத் தம்பூராவைக் கொடுத்தபோதே இருந்த மூளி.

இருபது வருஷத்துக்கு முன் ஒருநாள் அவள் கோயிலிலிருந்து திரும்பியபோது தம்பூராவைக் காணோம். "வேலைக்காரி பேச்சிதான் தூக்கிண்டு போனா, என் கண்ணால பாத்தேன்" என்றார் நாகேஸ்வரன். "போனாப் போறது, காதுக்கு நிம்மதி."

பேச்சியை நடுத்தெருவில் நிறுத்தி, "திருடி" என்று கத்தியது வாலாம்பாள்தான். பேச்சி அதன்பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. வாலாம்பாளும் அதன்பிறகு பாடவில்லை.

"பாத்தயா? சனியன், விக்க முடியாம இங்கேயே புதைச்சுட்டுப் போயிருக்கா" என்று நாகேஸ்வரன் கையை நீட்டினார். "குடு, நான் எறியறேன். நீ முதல்ல போய்க் குளி."

சற்றுமுன் வரை மூக்கைப் பொத்தியிருந்த கை அது.

வாலாம்பாள் குதிரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். சாக்கடையைத் தாண்டுகிறவளைப்போல் புடவையைத் தூக்கிப் பிடித்து, அவரிடமிருந்து இரண்டடி விலகினாள்.

"இதுக்குத்தானா மேற்கே தோண்டச் சொன்னேள்?"