பாதிச் சவரம்

முகத்தில் பாதி நுரையும் பாதி தாடியுமாக இருந்த பஸ்யூனியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான் ஷஹாத்தா. வாய்க்கால் கரையில் போட்டிருந்த கூடாரத்தின் முன்னால் வரிசை சிரித்தது.

“பாதியில நிறுத்திட்டு இழுத்துட்டு வர்றியே உஸ்தா, இது அடுக்குமா?”

“விரல்ல ஒரு குத்து. வாங்கிட்டு வா. மீதிப் பாதி அப்புறம்.”

“காசு குடுக்கிறவன் நான்.”

“கத்தி என் கையில இருக்கு. போ உள்ளே.”

அவன் அப்படிப் பிடித்து வந்தவர்களில் பஸ்யூனி பதினோராவது ஆள். ஊரில் சவரக்கடை ஒன்றுதான், உஸ்தா என்று எல்லோரும் கூப்பிடும் ஷஹாத்தாவின் கடை. வியாழன் மாலை, மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு முன் எல்லா ஆண்களும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கூடார வாசலில் அடையாள அட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த இன்ஸாஃப் நிமிர்ந்து தன் கணவனைப் பார்த்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி நோய்க்கான பரிசோதனை வண்டி அந்தக் கிராமத்துக்குள் வருவது அதுதான் முதல் தடவை. டான்டா நகரத்துக்குப் போனால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்கும் செலவாகும். யாரும் போவதில்லை.

இன்ஸாஃபின் தம்பி மெத்வல்லியும் போகவில்லை. போன குளிர்காலத்தில் வயிறு வீங்கிச் செத்துப்போனான்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் ஷஹாத்தாதான் பேனாவை எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஒன்பது மனுக்கள். ஒன்பதாவதற்கு வண்டி வந்தது.

“உன் மனுஷன் தங்கம்டி,” என்றாள் வரிசையில் நின்ற ஃபௌக்கியா. “ஒவ்வொரு மூஞ்சிக்கும் புது பிளேடாமே? என் வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.”

“அதை ஏன் கேக்குற. முன்னெல்லாம் ஊருக்கே ஒரு கத்திதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிளேடு வாங்கப் போறேன்னு மூணு தடவை டான்டா போனாரு. அப்புறம்தான் இந்தக் கூத்து.”

“மூணு தடவையா? டான்டாவுல வேற எவளையாவது பார்த்து வச்சிருக்காரா?”

“இருந்தா கூட்டிட்டு வரட்டும். எனக்கும் வேலைக்கு ஒரு ஆளாச்சு.”

பஸ்யூனி வெளியே வந்தான். கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்திருந்தது. அவனுக்கு ஒரு கோடுதான் விழுந்தது, கிருமி இல்லை. குரல் உடனே பெரிதாகிவிட்டது.

“எவனுக்காவது ரெண்டு கோடு விழுந்தா இப்பவே சொல்லிடு உஸ்தா. அவன் உட்கார்ந்த நாற்காலியில நான் உட்கார மாட்டேன். அவன் மூஞ்சியில பட்ட கை என் மூஞ்சியில படக்கூடாது.”

நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

“வா, மீதியை வழிக்கிறேன்,” என்று ஷஹாத்தா முன்னால் நடந்தான்.

வெயில் தணிந்தபோது வரிசை கரைந்திருந்தது. எண்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது பேருக்கு இரண்டு கோடு. அவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. நர்ஸ் ஒலா மாத்திரைச் சீட்டை மடித்து அவரவர் கையில் கொடுத்து அனுப்பினாள்.

காலையில் முதல் விரலை நீட்டியவள் இன்ஸாஃப். அந்த ஊரில் ஒருவர் முதலில் போனால்தான் அடுத்தவர் நகர்வார். மெத்வல்லியும் அப்படித்தான். போன வருஷம் கோதுமை அறுப்பின்போது அவன் கண் மஞ்சளானது. ஷஹாத்தா அவன் வீட்டுக்கு நடையாய் நடந்தான். டான்டாவுக்குப் போ, ரத்தத்தைப் பார் என்று கெஞ்சினான்.

மெத்வல்லி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

“நீ முதல்ல போ மச்சான். நீ போய்ட்டு வந்தேன்னு சொல்லு, மறுநாளே நானும் போறேன்.”

ஷஹாத்தா அத்தோடு திரும்பி வந்துவிடுவான். கத்தி பிடிக்கிறவனுக்கு ஊசியென்றால் பயம் என்று இன்ஸாஃப் நினைத்துக்கொண்டாள். அதற்காக அவனை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை.

அவன் கடையைப் பூட்டிவிட்டுக் கூடாரத்துக்கு வந்தான்.

“இன்னும் நாலு கிட் இருக்கு,” என்றாள் இன்ஸாஃப். “நீ மட்டும்தான் பாக்கி.”

“எனக்கு எதுக்கு? பக்கத்து ஊருக்கு ஆகட்டும்.”

“ஊரையே இழுத்துட்டு வந்துட்டு, இப்ப ஓடுறியா? பயந்தாங்கொள்ளி.”

“இன்ஸாஃப், வேணாம். வீட்டுக்குப் போலாம்.”

“என் தம்பியைப் புதைச்சது போதும். உன்னையும் புதைக்க என்னால ஆகாது.”

அவன் அங்கிப் பையில் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தாள். அவன் பிடுங்குவதற்குள் அது ஒலாவின் கைக்குப் போய்விட்டது.

ஒலா அட்டை எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அன்று முழுக்க ஒன்பது பேரிடம் கெட்ட செய்தி சொன்ன முகம் முதல் முறையாக மலர்ந்தது.

“உங்களுக்கு எதுக்கு உஸ்தா டெஸ்ட்? டான்டாவுல மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி ரெண்டு வருஷம் ஆச்சே!”