செத்தவன் சிரிக்க வேண்டும்

மூச்சை அடக்கிக்கொண்டு குப்புறக் கிடந்தான்.

முதுகில் கத்தி. சட்டையெல்லாம் சிவப்புச் சாயம். காதோரம் ஓர் எறும்பு.

அவனுக்கு மேலே இரண்டு இன்ஸ்பெக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், கொலைகாரன் யார் என்று. இருவருமே பெரிய ஹீரோக்கள். ஒருவர் விரட்ட, ஒருவர் ஓட, மாறி மாறி அவனைத் தாண்டிக் குதித்தார்கள்.

ஒரு பூட்ஸ் அவன் விரல்களின் மேல் இறங்கியது.

அசையவில்லை.

செத்தவனுக்கு வலிக்கக் கூடாது. வலித்தால் வேறு பிணம் வரும்.

படத்தின் மர்மமே அவன்தான். அவனைக் கொன்றது யார் என்று தேடித்தான் கிளைமாக்ஸ்வரை கார்களை உடைக்கப்போகிறார்கள். அவன் முகம் மட்டும் திரையில் வராது.

இதற்கு முன்னும் வந்ததில்லை. கூட்டத்தில் பிடரி. கல்யாணப் பந்தியில் முழங்கை. ஒரு படத்தில் குதிரைக்குப் பின்னால் இரண்டு கால்கள். குதிரை நன்றாக நடித்திருந்தது.

ஒவ்வொரு ரிலீஸுக்கும் மனைவி திரையை உற்று உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்பாள்.

"இதுல எங்க இருக்கீங்க?"

"கட்!"

கைதட்டல். அவனுக்கல்ல.

எழுந்து நடந்தவனைக் கோ-டைரக்டர் தணிகைவேல் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? பொணமா படுத்தவங்க கேமராவப் பார்த்து சிரிச்சுட்டுத்தான் போகணும். இல்லன்னா ஆகாது."

படத்தில் வராது. வெறும் சாங்கியம். ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று கேமராவுக்குத் தெரிய வேண்டுமாம்.

கேமரா அவன் பக்கம் திரும்பியது.

ஒருவர் லென்ஸிலிருந்து அளவு டேப்பை இழுத்து அவன் மூக்குவரை கொண்டுவந்தார். அந்த மூக்குக்கு முதன்முதலாக ஃபோகஸ் அளக்கிறார்கள்.

ஒரு விளக்கும் திரும்பியது. கன்னம் சுட்டது.

விரலை மிதித்த ஹீரோ, "நான் ஃபிரேம்ல வரேனா?" என்று பதறி, குனிந்தபடியே ஓரமாக நகர்ந்தார். அவனுக்காக.

"சைலன்ஸ்!"

செட்டே அடங்கியது. டீக்காரர்கூட கிளாஸை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார்.

லென்ஸ் கறுப்பாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதன் ஆழத்தில், சின்னதாக, ஒரு முகம்.

பரவாயில்லையே, என்று தோன்றியது.

"ரோலிங்."

"சிரிங்கண்ணே."

சிரித்துவிட்டால் கட் சொல்லிவிடுவார்கள்.

அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணே..."

தணிகைவேல் மறுபடி வாயெடுத்தார். கேமராமேன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் உயர்த்தி அவரைத் தடுத்தார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.