செப்பு ஆணி

அவள் லேத்தை நிறுத்தினாள்.

மரக்கிண்ணம் சுற்றி ஓய்ந்தது. இன்னும் ஒரு மயிரிழை எடுத்தால் போதும், மேஜை விளக்குக்கு மூடி ஆகிவிடும்.

வயரில் தொங்கிய பல்பை எரியவிட்டுக் கிண்ணத்துக்குள் பிடித்தாள். மரம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வெளிச்சத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கும் ஒரே சீராகச் சிவந்து தெரிந்தால் கடைசல் சரி. மங்கலாகத் தெரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் உளி வைக்க வேண்டும்.

சிவந்தது. அழகாகத்தான் சிவந்தது.

விளிம்புக்குக் கீழே மட்டும் ஒரு கோடு. சுண்டுவிரல் நீளம். கறுப்பு.

மரத்தின் கணு இல்லை. கணு இப்படி நேராக இருக்காது.



பின்னால் நாற்காலியில் மகள் மாரிச்செல்வி உட்கார்ந்து ஒரு விளக்குத் தண்டுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து நேற்றுத்தான் கோவில்பட்டியிலிருந்து அழைத்து வந்தார்கள். சும்மா உட்கார் என்றால் கேட்கிறாளா? இது என்ன மரம் என்று காலையில் கேட்டாள்.

வாகை என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

வாகை இல்லை. வாய்க்கால் கரையில் நின்ற புளியமரம்.

பாலம் கட்ட வேண்டும் என்று போன மாதம் அதை வெட்டினார்கள். கோவில்பட்டியில் இருந்த மகளுக்கு அது தெரியாது. ஊரில் ஒருத்தரும் சுள்ளிகூடப் பொறுக்கவில்லை. ஆணி அடித்த மரம் அது. யாருக்காவது பேய் பிடித்தால் கோடாங்கி அவர்களுடைய உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து, ஆணியில் சுற்றி, அந்த மரத்தில்தான் அறைவார். ஆணி இருக்கும்வரை பேய் அங்கே. ஆணியைப் பிடுங்கினால் வந்த வழியே திரும்பிவிடும்.

அவள் ஆள் வைத்து அடித்தூரைப் பட்டறைக்குத் தூக்கி வந்தாள். மரம் கடைகிறவளுக்கு ஆணி என்றால் உளிக்குக் கேடு, கண்ணுக்குக் கேடு, அவ்வளவுதான். மரம் முழுக்கக் காந்தத்தை ஓட்டினாள். பதினொரு ஆணி. பதினொன்றையும் பிடுங்கிப் போட்டாள். அடுத்த தெருப் பேராச்சி ஓடி வந்து, இதில் என் ஆணி எது என்று கேட்டு அழுதாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

மகளுடைய ஆணியும் அதில் ஒன்று என்றுதான் நினைத்தாள்.

மாரிச்செல்விக்குப் பதினாறு வயதில் வலிப்பு வந்தது. அவள் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புருஷன் மரத்தடிக்குக் கூட்டிப்போனான். இந்தக் கூத்துக்கு நான் வர மாட்டேன் என்று அன்றைக்கு அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. ஆணி என்றான் அவன். மாத்திரை என்றாள் அவள். ஆறு வருஷமாக வீட்டில் இதே பட்டிமன்றம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

போன மாதம் ஆணியும் போயிற்று. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, மாத்திரைதான் என்று மனசுக்குள் புருஷனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

இப்போது ஊசியை எடுத்து அந்தக் கோட்டைக் கீறினாள்.

மினுங்கியது. செம்பு.

காந்தம் செம்பை இழுக்காது. மகளுக்கு அடித்தது செப்பு ஆணி என்பது அன்றைக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னும் கீறினாள். ஆணியின் தலையில் முடி. முடியோடு பச்சை ரிப்பன் துண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன ரிப்பன்.

அப்படியென்றால் இத்தனை நாளும் இது மரத்துக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

இருந்தால் என்ன? அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. படித்துப் படித்து ஊருக்குச் சொன்னவள், ஒரு செப்புத் துண்டைக் கண்டு பயப்படுவதா? ஆணி பிடுங்கும் குறடைக் கையில் எடுத்தாள். ஆணித் தலையைக் கவ்விப் பிடித்தாள். இழுத்தாள்.

வாழைத்தண்டிலிருந்து வருவதுபோல வந்துவிட்டது.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கிண்ணம்கூட விரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மாரிச்செல்வி பேச ஆரம்பித்தாள். நாளைக்கு வாய்க்கால் கரைக்குப் போய் அந்தப் புளியமரத்துக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டு வர வேண்டும் என்றாள். பிள்ளை பிறப்பதற்குள் கொளுத்துவதாக நேர்ந்திருக்கிறாளாம். அப்புறம் கொஞ்சம் தயங்கி, சொன்னால் ஏசக் கூடாது என்றாள்.

"மாத்திரைய நிறுத்தி நாலு மாசம் ஆச்சும்மா. வயித்துப் பிள்ளைக்கு ஆவாதுன்னு அத்தை சொன்னாவ. எனக்கு ஒண்ணும் செய்யல. அதான் ஆணி இருக்குல்லா."

அவள் திரும்பவில்லை.

ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் சொன்ன மாத்திரை.

நாலு மாதம் மாத்திரை இல்லை. ஆணி இருந்தது. வலிப்பு வரவில்லை.

அவள் பல்பின் வெளிச்சத்தில் ஆணி இருந்த ஓட்டையைத் தேடினாள். ஆணியை அதில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். நிற்கவில்லை. சரிந்து விழுந்தது. முடியை இறுக்கிச் சுற்றி மறுபடியும் வைத்தாள். விரல் சிவக்கிற அளவுக்கு அழுத்தினாள். மரம் மெலிந்துவிட்டது. பிடிப்பு இல்லை.

"இருந்துக்கோ," என்றாள். "எம் பிள்ளகிட்ட போயிராத."

"யாருகிட்டம்மா பேசுத?" என்றாள் மாரிச்செல்வி.